சார்லட் 5481: ஒன்பது முறை பறந்த விமானம் பத்தாவது முறை ஏன் விழுந்தது?

பி1_மாணவன்:

வணக்கம். விமானப் பராமரிப்புப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மாட்யூல் 9, அதாவது மனிதக் காரணிகள் பாடத்துக்கு ஆளுக்கொரு விபத்தை எடுத்து வகுப்பில் பேச வேண்டும். நான் ஏர் மிட்வெஸ்ட் 5481-ஐ எடுத்திருக்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2003 ஜனவரி 8, காலை எட்டே முக்கால் மணி வாக்கில் அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள சார்லட் விமான நிலையத்திலிருந்து ஒரு பீச்கிராஃப்ட் 1900டி கிளம்பியது. இரண்டு எஞ்சின் டர்போப்ராப் (ப்ரொப்பெல்லர் விமானம்), 19 பயணிகள், 2 பைலட்டுகள். யூ.எஸ். ஏர்வேஸ் எக்ஸ்பிரஸ் என்ற பெயரில் ஏர் மிட்வெஸ்ட் ஓட்டிய விமானம். தென் கரோலினாவின் கிரீன்வில்-ஸ்பார்ட்டன்பர்க்குக்குப் போக வேண்டியது. தரையை விட்டு எழுந்ததும் மூக்கு நிற்காமல் மேலே போயிருக்கிறது, ஒரு கட்டத்தில் சுமார் 54 பாகை. வேகம் இழந்து, ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தூக்கும் விசையை இழந்து, விமான நிலைய வளாகத்திலேயே ஒரு ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) மோதி எரிந்துவிட்டது. 21 பேரும் இறந்துவிட்டார்கள். கிளம்பியதிலிருந்து மோதியது வரை ஒரு நிமிடம்கூட இல்லை.

என் சந்தேகம் இதுதான். இரண்டு இரவுக்கு முன்பு மேற்கு வர்ஜீனியாவின் ஹன்டிங்டனில் எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) கேபிளைச் சரிசெய்தபோது தவறு நடந்தது என்கிறது விபத்தை ஆராய்ந்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்.டி.எஸ்.பி.யின் அறிக்கை. ஆனால் அதற்குப் பிறகு அதே விமானம் ஒன்பது முறை பறந்து பத்திரமாக இறங்கியிருக்கிறது. கேபிள்தான் காரணம் என்றால் முதல் முறையே விழுந்திருக்க வேண்டாமா? ஏற்றிய எடைதான் காரணம் என்றால் எதற்குக் கேபிளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள்? வகுப்பில் பாதிப் பேர் "ஓவர்லோடு, அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டார்கள். எனக்கு அப்படி முடிக்க மனம் வரவில்லை. ஹேங்கரில் வேலை செய்தவர்கள் யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

மீனம்பாக்கம்_ஹேங்கர்:

தம்பி, முடிக்க மனம் வரவில்லை என்று எழுதினீர்களே, அதற்காகத்தான் இந்த நீளமான பதில். சென்னையில் கிங் ஏர் 200-இல் தொடங்கி, பிறகு வளைகுடாவில் டர்போப்ராப்களிலேயே என் வேலைக்காலம் போனது. பீச் 1900 அந்தக் குடும்பத்தில் பிறந்ததுதான். வால் உச்சியில் குறுக்கே எலிவேட்டர், அதுவரை கேபிள், நடுவில் பெல்கிராங்க் (இழுப்பின் திசையை மாற்றும் நெம்புகோல்), டர்ன்பக்கிள் (முறுக்கிக் கேபிளை இறுக்கும் திருகு). அதனால் அந்த அறிக்கையில் சொல்லும் ஒவ்வொரு இடமும் என் கைக்குத் தெரியும்.

முதலில் அந்த இரவு நடந்த வேலையைப் புரிந்துகொள்ளுங்கள். டீடெயில் சிக்ஸ் என்ற செக். அதில் எலிவேட்டர் கேபிளின் இறுக்கத்தைப் பார்க்க வேண்டும். டென்சியோமீட்டர் வைத்துப் பார்த்தபோது இறுக்கம் குறைவாக இருந்தது. சரி, டர்ன்பக்கிளை முறுக்கி ஏற்றினார் மெக்கானிக். பீச் 1900டி-யில் அவர் இந்த வேலையைச் செய்வது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தவர் ஒரு தர ஆய்வாளர், அதாவது இன்ஸ்பெக்டர்.

எலிவேட்டருக்கு இரண்டு கேபிள். ஒன்று மூக்கைத் தூக்க இழுக்கும், மற்றது மூக்கை இறக்க இழுக்கும். இரண்டையும் ஒரே அளவாக முறுக்கினால் இறுக்கம் மட்டும் மாறும், நடுநிலை அங்கேயே இருக்கும். ஒன்றை அதிகமாகவும் மற்றதைக் குறைவாகவும் முறுக்கினால்? டென்சியோமீட்டர் அப்போதும் சரியான எண்ணைத்தான் காட்டும். ஆனால் காக்பிட்டில் பைலட் முன்னும் பின்னும் தள்ளும் தண்டான கன்ட்ரோல் காலத்துக்கும் வாலில் இருக்கும் எலிவேட்டருக்கும் உள்ள பொருத்தம் நகர்ந்துவிடும். ஒரு திசையில் வீச்சு குறையும். சிதைவுகளிலிருந்து எடுத்த டர்ன்பக்கிள்களை அளந்தபோது இரண்டுக்கும் நீளத்தில் சுமார் ஒன்றேமுக்கால் அங்குல வித்தியாசம் இருந்தது. எங்கள் வேலையில் அது மிகப் பெரிய அளவு. விளைவு, மூக்கை இறக்கும் பக்கம் எலிவேட்டருக்கு உற்பத்தியாளர் சொன்ன வீச்சில் ஏறக்குறைய பாதிதான் மிச்சம். மூக்கைத் தூக்கும் பக்கம் குறையில்லை.

இப்போது உங்கள் ஒன்பது பறப்புகளுக்கு வாருங்கள். சாதாரண நாளில் பைலட் மூக்கை இறக்க எலிவேட்டரை முழு வீச்சுக்குத் தள்ளுவதே இல்லை. கொஞ்சம் தள்ளினாலே போதும். பாதி வீச்சு இருந்தாலும் அந்தக் கொஞ்சம் அதற்குள் அடங்கிவிடும். அந்த ஒன்பது முறையும் ஆட்களும் சுமையும் இருந்த விதத்தில் விமானத்தின் ஈர்ப்பு மையம் அவ்வளவு பின்னால் போகவில்லை. பாதி வீச்சே போதுமானதாக இருந்தது, யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பத்தாவது முறை விமானம் நிறைந்தது, பின் அறையில் பெட்டிகள் நிறைந்தன, ஈர்ப்பு மையம் அனுமதித்த எல்லையைத் தாண்டிப் பின்னால் போனது. அன்றைக்குத்தான் மீதிப் பாதி வீச்சு முதல் தடவையாகத் தேவைப்பட்டது. அது அங்கே இல்லை.

ஆகவே கேபிளா எடையா என்று இரண்டு கட்சியாகப் பிரியாதீர்கள். என்.டி.எஸ்.பி. எழுதிய காரணமே இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறது: எலிவேட்டர் தவறாக ரிக் செய்யப்பட்டது (அதாவது கேபிள்களை அளவாகப் பொருத்தும் வேலை தவறியது), அதைப் பின்னால் போன ஈர்ப்பு மையம் மேலும் மோசமாக்கியது. இரண்டும் சேர்ந்ததால் மூக்கின் ஏற்ற இறக்கம் கட்டுப்பாட்டை விட்டே போயிற்று.

புலனாய்வாளர்கள் இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதை வகுப்பில் கட்டாயம் சொல்லுங்கள். ஹேங்கரில் மோதி எரிந்த விமானத்தில், வால் கேபிளை இரண்டு நாள் முன்பு யாரோ தொட்டார்கள் என்று எப்படித் தெரியும்? பறப்புத் தரவுப் பதிவுக் கருவியில் கன்ட்ரோல் காலத்தின் முன்பின் நிலையும் பதிவாகிறது. கடைசிப் பறப்பை மட்டும் பார்த்திருந்தால் இது பிடிபட்டிருக்காது. பழைய பறப்புகளின் பதிவையும் எடுத்து அடுத்தடுத்து வைத்துப் பார்த்தார்கள். ஹன்டிங்டன் வேலைக்கு முன்பு வரை ஒரு மாதிரி இருந்த கோடு, வேலைக்குப் பிறகு முதல் பறப்பிலிருந்தே இடம் மாறியிருந்தது. அதற்கப்புறம் எல்லாப் பறப்பிலும் அப்படியே. பதிவு விரல் நீட்டிய இடத்துக்குப் போய் டாஸ்க் கார்டுகளை, அதாவது வேலைப் படிகள் எழுதிய தாள்களை, புரட்டினார்கள். சம்பவ இடத்துக்குப் போன வாரிய உறுப்பினர் ஜான் கோலியா. அவரே லைசென்ஸ் பெற்ற மெக்கானிக். அந்த வாரியத்துக்கு அப்படி ஒருவர் உறுப்பினராக வந்தது அவர்தான் முதல். இந்த விபத்துக்கு அப்படிப்பட்ட ஒருவர் போனது எனக்கு இன்றும் பெரிய ஆறுதல்.

டாஸ்க் கார்டு என்ன சொன்னது? 1900டி மேனுவலில் கேபிள் இறுக்கத்தை மட்டும் சரிசெய்யத் தனி முறை கிடையாது. இறுக்கத்தைத் தொட்டால் ரிக்கிங் முழுவதையும் ஆரம்பத்திலிருந்து செய்ய வேண்டும். மெக்கானிக்கும் இன்ஸ்பெக்டரும் இறுக்கத்துக்குச் சம்பந்தமில்லை என்று தோன்றிய படிகளைத் தாண்டிவிட்டார்கள். அப்படித் தாண்டிய படிகளில் ஒன்றைச் செய்திருந்தாலே தவறு வெளிப்பட்டிருக்கும், விபத்தும் தடுக்கப்பட்டிருக்கும் என்று வாரியம் எழுதியிருக்கிறது. வேலை முடிந்த பிறகு எலிவேட்டர் முழுதாக மேலும் கீழும் போகிறதா என்று அளந்து பார்க்கும் முழுச் சோதனையும் நடக்கவில்லை.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. என்னை இத்தனை வருடமாக விடாத விஷயம் அதுதான். பறப்புக் கட்டுப்பாட்டைத் தொட்ட வேலையை, செய்தவர் அல்லாத இன்னொருவர் வந்து பார்க்க வேண்டும். நம் ஊரில் டூப்ளிகேட் இன்ஸ்பெக்‌ஷன் என்போம். அமெரிக்காவில் அதற்கு வேறு பெயர், விதி ஒன்றுதான். ஹன்டிங்டனில் அந்த இரண்டாவது கண்ணாக இருக்க வேண்டியவர் யார்? பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்து, இந்தப் படி வேண்டாம் என்று ஒத்துக்கொண்ட அதே இன்ஸ்பெக்டர். தாளில் இரண்டு கையெழுத்து இருந்தது. பார்த்தது ஒரே மூளை. சொல்லிக்கொடுத்தவனே பிறகு ஆய்வாளனாக வந்தால், அவன் தேடுவது தன் முடிவு சரிதான் என்பதற்கான அடையாளத்தை மட்டுமே. கெட்டவன் என்பதால் இல்லை, மனித மனம் அப்படித்தான் வேலை செய்யும். உங்கள் மாட்யூல் 9 முழுக்க இதைப் பற்றித்தான்.

என்.டி.எஸ்.பி. இதையே பரிந்துரையாக எழுதியது: ஒரு வேலையில் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்த இன்ஸ்பெக்டர், அதே வேலையை ஆய்வு செய்யக்கூடாது. இதைப் படித்த நாளிலிருந்து, ஜூனியருக்குக் கன்ட்ரோல் வேலை சொல்லிக்கொடுத்தால் டூப்ளிகேட் கையெழுத்தை நான் போடுவதில்லை. இரவு மூன்று மணியானாலும் வேறொருவர் வந்து, டார்ச்சும் பாகைமானியும் எடுத்துக்கொண்டு வாலுக்கு ஏறிப் பார்த்துவிட்டுத்தான் போடுவார். விமானம் தாமதமாகிறது என்று மேலிருந்து போன் வரும். வரட்டும்.

லோடுஷீட்_திருச்சி:

ஹேங்கர் அண்ணா கேபிள் பக்கத்தைச் சொல்லிவிட்டார். எடைப் பக்கம் என் வேலை, ஏ.டி.ஆர். விமானங்களுக்கு லோடுஷீட் (எடைக் கணக்குத் தாள்) போடுகிறேன். "ஓவர்லோடு, அவ்வளவுதான்" என்று பி1 மாணவரின் தோழர்கள் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. யாரோ பொறுப்பில்லாமல் மூட்டையைத் திணித்தார்கள் என்று அதற்கு அர்த்தம் வந்துவிடும். இங்கே நடந்தது அது அல்ல.

அன்று அந்த இரண்டு பைலட்டுகளும் போட்ட கணக்கு, அவர்கள் நிறுவனத்துக்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.ஏ.ஏ. அனுமதித்திருந்த முறைப்படி சரியாகவே இருந்தது. தாளில் எடை எல்லைக்குள், ஈர்ப்பு மையமும் எல்லைக்குள். மையத்தின் பின் எல்லை இறக்கை நாணில் (இறக்கையின் முன்பின் அகலத்தில்) 40 சதவீதம், தாளில் வந்தது சுமார் 38. விபத்துக்குப் பிறகு உண்மையான எடைகளை வைத்துக் கணக்கிட்டபோது 45-ஐத் தாண்டியிருந்தது. மொத்த எடையும் அனுமதித்த 17,120 பவுண்டைவிட சுமார் 580 பவுண்டு கூடுதல், அதாவது ஏறக்குறைய 260 கிலோ.

தாளுக்கும் உண்மைக்கும் நடுவில் இத்தனை தூரம் எப்படி வந்தது? சராசரி எடை. சின்ன விமானத்தில் ஒவ்வொரு பயணியையும் தராசில் நிறுத்துவதில்லை. ஆளுக்கு இவ்வளவு, பெட்டிக்கு இவ்வளவு என்று ஒரு எண்ணை எடுத்துப் பெருக்குவோம். அந்த எண் பழைய காலத்து மனிதர்களின் எண். விபத்து நடந்த அதே மாதம் 10 முதல் 19 இருக்கை விமானங்களை ஓட்டும் நிறுவனங்களைப் பயணிகளையும் பெட்டிகளையும் உண்மையாகவே எடை போடச் சொன்னது எஃப்.ஏ.ஏ. வந்த முடிவு: ஆளுக்கு 20 பவுண்டுக்கு மேல் கூடுதல், பெட்டிக்கு ஏறக்குறைய 4 பவுண்டு கூடுதல். 300 பேர் ஏறும் விமானத்தில் கனமானவரும் மெலிந்தவரும் கலந்து ஓரளவு சமன் ஆகும், மிச்சமிருக்கும் எல்லையும் பெரியது. 19 பேரில் அந்தச் சமன் கிடைக்காது. 19-ஐ 20-ஆல் பெருக்கிப் பாருங்கள், 380 பவுண்டு. தாளில் இல்லாத சுமார் 170 கிலோ அந்தச் சின்ன விமானத்தில் உட்கார்ந்திருக்கிறது.

கூடுதல் எடையைவிட அது எங்கே உட்கார்ந்தது என்பது முக்கியம். சைக்கிள் கேரியரில் அரிசி மூட்டையைப் பின்னால் தள்ளி வைத்து ஏறினால் முன்சக்கரம் லேசாகிவிடும், ஹேண்டில் பேச்சைக் கேட்காது. 1900டி-யில் பெட்டிகள் போகும் பெரிய அறை பின்னால்தான் இருக்கிறது. பெட்டிக்கு 20 பவுண்டு என்று தாளில் எழுதி 30 பவுண்டு பெட்டிகளை ஏற்றினால், அந்தப் பத்துப் பவுண்டு ஒவ்வொன்றும் வாலுக்குப் பக்கத்திலேயே போய்ச் சேரும்.

2004-இல் எஃப்.ஏ.ஏ. சராசரியைத் திருத்தியது. பெரியவர் ஒருவருக்குக் கோடையில் 190 பவுண்டு, குளிர்காலத்தில் 195. பிறகு 2019-இல் ஒரே எண்ணை எல்லோருக்கும் கொடுப்பதையே கைவிட்டு, தற்போதைய மக்கள்தொகைத் தரவை வைத்தோ, தாங்களே எடுத்த கணக்கெடுப்பை வைத்தோ கணக்கிடச் சொல்லிவிட்டார்கள்.

செக்-இன் கவுன்டரில் இரண்டு கிலோ கூடுதலுக்காகச் சண்டை போடும் பயணிகளைத் தினமும் பார்க்கிறேன். கட்டணம் பிடுங்கவே கேட்கிறோம் என்று நினைக்கிறார்கள். சின்ன விமானத்தில் உங்களை "கொஞ்சம் முன்வரிசைக்கு மாறி உட்கார முடியுமா" என்று கேட்டால் தயவுசெய்து மாறி உட்காருங்கள். அங்கே ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

பி1_மாணவன்:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. ஒன்பது பறப்புகள் விஷயம் இப்போதுதான் தெளிவானது. சார், இன்னொரு சந்தேகம். கிளம்பும் முன் பைலட்டுகள் கன்ட்ரோல் காலத்தை முன்னும் பின்னும் தள்ளிப் பார்ப்பார்களே, கன்ட்ரோல் செக். பாதி வீச்சுதான் இருக்கிறது என்று அதில் தெரிந்திருக்காதா?

ஓடுபாதை_09:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கேப்டனுக்கு 25 வயதுதான் என்று படித்தேன். அனுபவசாலியாக இருந்திருந்தால் கையில் வித்தியாசம் தெரிந்திருக்கும், மூக்கு ஏறியதும் வேறு ஏதாவது செய்து காப்பாற்றியிருப்பார் என்பது என் எண்ணம். எல்லாவற்றையும் மெக்கானிக் தலையில் கட்டுவது சரியா?

மீனம்பாக்கம்_ஹேங்கர்:

இரண்டு கேள்விக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஓடுபாதை சொன்னதை ஏற்க முடியாது, அதை இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

1900டி-யின் எலிவேட்டர் வால் உச்சியில் இருக்கிறது. காக்பிட்டிலிருந்து தலையைத் திருப்பினாலும் கண்ணில் படாது. பைலட்டுக்குத் தெரிவது கையில் இருக்கும் கன்ட்ரோல் காலம் தடையில்லாமல் போகிறதா, வருகிறதா என்பதுதான். அது போனது, வந்தது. எங்கும் சிக்கவில்லை, கனக்கவில்லை. வாலில் எத்தனை பாகை நகர்ந்தது என்பதை அளக்க வெளியே ஒரு ஆள் கருவியோடு நிற்க வேண்டும். அது ஹேங்கரில் நடக்க வேண்டிய வேலை. தவறான ரிக்கிங்கால் வந்த மாற்றம் பைலட்டுகளுக்குப் புலப்படும்படி இருக்கவில்லை என்று வாரியம் தன் முடிவுகளில் தெளிவாக எழுதியிருக்கிறது. அந்த ஒன்பது முறை ஓட்டியவர்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை என்பதை மறக்காதீர்கள்.

மேலே போன பிறகு? மூக்கை இறக்க இருவரும் சேர்ந்து கன்ட்ரோல் காலத்தைத் தள்ளியிருக்கிறார்கள். குரல் பதிவில் அது இருக்கிறது. தள்ள வேண்டிய திசையில்தான் தள்ளினார்கள். தள்ளியது வாலுக்குப் பாதிதான் போய்ச் சேர்ந்தது. அந்தச் சேர்க்கையில் விமானம் கட்டுப்படுத்த முடியாததாகிவிட்டது என்பதே வாரியத்தின் முடிவு. 25 வயதுப் பெண் என்பதால் இந்தக் கேள்வி வருகிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது. 50 வயது கேப்டன் உட்கார்ந்திருந்தாலும் அதே கன்ட்ரோல் காலம், அதே கேபிள்தான். தயவுசெய்து அவர் மேல் இந்தப் பழி வேண்டாம்.

மெக்கானிக் தலையில் கட்டுவது பற்றிக் கேட்டீர்கள். அதில் உங்களோடு பாதி உடன்படுகிறேன். தவறு அவர் கையில் நடந்தது, மறுக்கவில்லை. ஆனால் அவரை அங்கே நிறுத்திய அமைப்பைப் பாருங்கள். விமானம் ஏர் மிட்வெஸ்டுடையது. பராமரிப்பு ரேதியான் ஏரோஸ்பேஸிடம் ஒப்பந்தம். மெக்கானிக்குகளை அனுப்பியது ஸ்மார்ட் என்ற இன்னொரு நிறுவனம். சான்றிதழ் வைத்திருக்கும் விமான நிறுவனம் ஒரு பக்கம், இரவில் டர்ன்பக்கிளைப் பிடிக்கும் கை வேறொரு பக்கம். நடுவில் பயிற்சி யார் பொறுப்பு, மேற்பார்வை யார் பொறுப்பு என்பது கரைந்துபோகிறது. நிறுவனம் அந்த நிலையத்தில் நடந்த வேலையைச் சரியாக மேற்பார்வை செய்யவில்லை, எஃப்.ஏ.ஏ.-வும் நிறுவனத்தைச் சரியாகக் கண்காணிக்கவில்லை என்று அறிக்கை இருவரையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஒப்பந்தத்துக்குள் ஒப்பந்தமாக வேலை நடக்கும் ஹேங்கர்களில் நானும் நின்றிருக்கிறேன். இன்றைக்கு வந்த பையனுக்கு எந்த விமானத்தில் பழக்கம் இருக்கிறது என்று அந்த ஷிஃப்டில் யாருக்குமே தெரியாத இரவுகள் உண்டு. பயமாக இருக்கும்.

இறந்தவர்களின் குடும்பங்கள் விடவில்லை. பணம் மட்டும் போதாது, நடந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நின்றார்கள். 2005 மே மாதம் சார்லட்டில், இறந்தவர்களின் நினைவிடத்தில், ஏர் மிட்வெஸ்ட் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. தங்கள் பராமரிப்பிலும் நடைமுறைகளிலும் குறை இருந்தது என்று ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் ஒரு விமான நிறுவனம் இப்படிச் செய்வது அபூர்வம். வழக்கமாக வக்கீல்கள் விடமாட்டார்கள்.

பி1 தம்பிக்கு இன்னொன்று. இதோடு சேர்த்து 2003 ஆகஸ்ட் 26-இல் நடந்த கோல்கன் ஏர் 9446-ஐயும் படியுங்கள். அதுவும் பீச் 1900டி. அதுவும் பராமரிப்பு முடிந்து கிளம்பியது. மாசசூசெட்ஸில் ஹயானிஸிலிருந்து பயணிகள் இல்லாமல் புறப்பட்டு, சற்று நேரத்தில் கடலில் விழுந்தது. இரண்டு பைலட்டுகளும் இறந்தார்கள். அங்கே எலிவேட்டர் ட்ரிம் (பைலட் தொடர்ந்து தள்ளாமலே மூக்கை ஒரு நிலையில் வைக்கும் அமைப்பு) கேபிளை மாற்றியபோது இயக்கமே தலைகீழாகிவிட்டது. மூக்கை ஏற்ற ட்ரிம் சக்கரத்தைத் திருப்பினால் இறங்கும். மேனுவலில் ட்ரிம் டிரம்மின் படமே தவறாக அச்சாகியிருந்தது. வேலைக்குப் பிறகு சக்கரத்தைத் திருப்பி, வெளியே ஒருவர் நின்று எலிவேட்டரின் ஓரத்தில் இருக்கும் சின்னப் பலகையான டேப் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்திருந்தால் ஹேங்கரிலேயே பிடிபட்டிருக்கும். சார்லட்டில் மேனுவல் சரி, படிகளைத் தாண்டினார்கள். இங்கே மேனுவலே தவறு. அங்கும் இங்கும் கடைசியில் செய்ய வேண்டிய இயக்கச் சோதனை ஒழுங்காக நடக்கவில்லை. ஒரே வகை விமானம், ஒரே வருடம், எட்டு மாத இடைவெளி. அங்கே பைலட்டுகளும் செக்லிஸ்ட்டில் இருந்த ட்ரிம் சோதனையைச் செய்யவில்லை என்று அறிக்கை சொல்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பி1_மாணவன்:

சார், கோல்கன் எனக்குத் தெரியாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே பேசப் போகிறேன். எனக்குக் கிடைத்த நேரம் இருபது நிமிடம்தான். டர்ன்பக்கிளைக் காட்ட கல்லூரிப் பட்டறையில் பழைய கேபிள் துண்டு கேட்டிருக்கிறேன்.

மீனம்பாக்கம்_ஹேங்கர்:

நல்ல யோசனை. இரண்டு கேபிள், இரண்டு டர்ன்பக்கிள், நடுவில் ஒரு பெல்கிராங்க் கிடைத்தால் பலகையில் மாட்டிவிடுங்கள். டென்சியோமீட்டர் எண் மாறாமலே நடுநிலை நகர்வதை அவர்களே கையால் முறுக்கிப் பார்க்கட்டும். "ஓவர்லோடு, அவ்வளவுதான்" என்று சொன்ன தோழரை முதலில் கூப்பிடுங்கள். மாட்டும்போது ரிக் பின் (நடுநிலையைப் பூட்டி வைக்கும் ஊசி) போடும் ஓட்டையும் வைத்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் ரிக்கிங் என்று பேசினால் உங்கள் ஆசிரியர் கேட்பார்.

லோடுஷீட்_திருச்சி:

அறிக்கையில் எல்லாம் பவுண்டில் இருக்கும், நம் பிள்ளைகளுக்கு அது மனதில் ஏறாது. கிலோவாக மாற்றியே போடுங்கள், 1 பவுண்டு 0.4536 கிலோ. தாளில் வந்த ஈர்ப்பு மையம், உண்மையான மையம், அனுமதித்த எல்லை, மூன்றையும் ஒரே படத்தில் கோடாக வரைந்தால் போதும், அதிகம் பேசத் தேவையிருக்காது. வரைந்து முடித்ததும் இங்கே போடுங்கள், கணக்கை ஒரு தடவை சரிபார்த்துத் தருகிறேன்.